பின்னால் மறைக்க இடமில்லாத திரை

அத்தியாயம் 6

இளையதம்பி பொய் சொல்லப்போகிறார் என்பது, அவர் வாயைத் திறக்கும் முன்பே பழனியாண்டிக்குத் தெரிந்துவிட்டது. இதில் துப்பறிய ஒன்றும் இல்லை. மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டையோடு வேலைக்கு வருகிறவர்களை நம்பக்கூடாது என்பது, பதினைந்து வருடமாக வவுனியாவில் ஓட்டோ ஓட்டும் பழனியாண்டி தனக்காகப் போட்டுக்கொண்ட சட்டம். அந்தச் சட்டம் இதுவரை இரண்டு தடவைதான் பொய்த்திருந்தது.

2001ஆம் ஆண்டு, ஐப்பசி மாதத்துத் திங்கட்கிழமை, காலை பத்து மணி. மருதநிழல் மீள்குடியேற்ற உதவிச் சங்கத்தின் தலைவர் சிற்றம்பலத்தார் மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தார். இந்தப் பக்கம் தலைமை எழுதுவினைஞர் இளையதம்பி. மூலையில், இருக்கக் கதிரை கொடுக்கப்படாமல், நிரோஜா.

நிரோஜா பழனியாண்டியின் அக்கா மகள். வயது இருபத்துமூன்று. சங்கத்தின் கொம்பியூட்டரில் பட்டியல் அடிப்பது அவள் வேலை. பட்டியலைக் கொண்டுபோகும் வாகனம் மூன்று மணிக்குப் புறப்படுமுன் உண்மை வெளிவராவிட்டால் அவளைப் பொலிசில் ஒப்படைப்பதாகச் சிற்றம்பலத்தார் சொல்லிவிட்டார். ஜெயபுரத்தில் பிறந்து, சண்டையில் இடம்பெயர்ந்து, வெளியே போய்வர இராணுவம் கொடுத்த பாஸ் துண்டோடு வவுனியா முகாமில் இருக்கிற ஒரு பெண்பிள்ளை பொலிசுக்குப் போனால், அங்கே கேட்கப்படும் கேள்விகள் பட்டியலோடு நிற்காது. அப்படிப் போய்த் திரும்பாத பிள்ளைகளின் தாய்மார் கோர்ட் வாசலில் நிற்பதைப் பழனியாண்டி தினமும் பார்க்கிறவன்.

அந்தத் தாய்மாருக்கு மனு எழுதிக்கொடுப்பவர்தான் கமலாசனி. அரசாங்க அலுவலகமான கச்சேரியில் முப்பது வருடம் தட்டெழுத்தாளராக இருந்துவிட்டு, இப்போது கோர்ட்டுக்கு எதிரே ஒரு மேசை போட்டிருக்கிறார். மனு எழுதுவதென்றால் கேள்வி கேட்கவேண்டும். கேள்வி கேட்டால் பொய் வந்து விழும். அப்படி விழுந்ததைப் பொறுக்கிப் பொறுக்கியே ஊருக்குள் துப்பறிகிற அம்மா என்று பெயராகிவிட்டது. காணாமல்போன காணி உறுதிப் பத்திரம், காணாமல்போன மாடு, காணாமல்போன மாப்பிள்ளை எல்லாவற்றையும் கண்டுபிடித்துக் கொடுத்திருக்கிறார். பழனியாண்டி அவருக்குச் சாரதியும் உதவியாளனும்; இன்றைக்கு அவரை இங்கே கூட்டிவந்ததும் அவன்தான். சம்பளம் கிடையாது, ஏச்சு உண்டு.

“சொல்லுங்கோ ஐயா,” என்றார் கமலாசனி. “என்ன நடந்தது?”

நடந்தது இதுதான். ஓமந்தைக்கு இந்தப் பக்கம் வேப்பமுறிப்பில் நாற்பத்தாறு குடும்பங்களுக்குக் காணி கொடுக்கச் சங்கம் பட்டியல் போட்டிருந்தது. முதல் இருபத்தேழும் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குளத்துத் திட்டங்களில் வயல் செய்த குடும்பங்கள். இருபத்தெட்டிலிருந்து நாற்பத்தாறு வரை, தோட்டங்களிலிருந்து வந்த மலையகத்துக் குடும்பங்கள். சனிக்கிழமை பலகையில் ஒட்டிய பட்டியலைப் பார்த்தால் அந்தக் கடைசிப் பத்தொன்பது பெயரும் இல்லை. முகாமே கொந்தளித்தது.

அழிக்கப்பட்ட பெயர்களில் ஒன்று ராக்காயி. பழனியாண்டியின் தாய். அடுத்தவன் தேயிலையில் கொழுந்து பறித்து, எழுபத்தேழாம் ஆண்டுக் கலவரத்தில் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து, பெர்மிட் இல்லாத காட்டில் இருபது வருடம் கச்சான் கடலை போட்டு, அதையும் ஷெல்லுக்குக் கொடுத்துவிட்டு முகாமுக்கு வந்தவள். தன் பெயரில் ஒன்றரை ஏக்கர் வரப்போகிறது என்று ஒரு மாதமாக எல்லாரிடமும் சொல்லித் திரிந்தாள்.

இளையதம்பி தொண்டையைச் செருமினார். “வெள்ளிக்கிழமை பின்னேரம் நாலு மணி இருக்கும். நான் கொம்பியூட்டர் அறைக்குள்ள போனனான். இவா பட்டியலைத் திறந்து வைச்சுப் பேருகளை அழிச்சுக்கொண்டிருக்கிறா. என்னைக் கண்டதும் ஒரு கடிதத்தை இழுத்து அதுக்கு மேல விட்டிட்டா. பட்டியல் பின்னால மறைஞ்சுபோச்சு. இவா வீட்டை வெளிக்கிட்டாப் பிறகு நான் இருந்து, மவுஸைப் பிடிச்சு, மேல கிடந்த கடிதத்தைத் தள்ளிப் பாத்தன். கீழ பட்டியல் கிடக்குது. இருபத்தேழோட நிக்குது.”

“தன்ர அம்மம்மாவின்ர பேரையே ஏன் அழிக்கப்போறா?” என்று கமலாசனி கேட்டார்.

“அதுதான் எனக்கும் சந்தேகம். எங்களுக்கும் மலையகத்து ஆக்களுக்கும் இடையில கொழுவலைக் கிளப்பச் சொல்லி, உள்ளுக்கையிருந்து ஆரும் சொல்லிவிட்டிருப்பினம்.”

‘உள்ளுக்கு’ என்றால் இயக்கத்தின் கட்டுப்பாட்டில் இருக்கும் பகுதி; இப்படி ஒரு வசனத்தைப் பொலிஸ்காரன் கேட்டால் போதும். நிரோஜா நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. பழனியாண்டிக்குக் கை துறுதுறுத்தது.

“அந்தக் கடிதத்தை எந்தப் பக்கமாத் தள்ளினீங்கள்?” என்று கமலாசனி சாவதானமாகக் கேட்டார்.

“வலப்பக்கமா.”

“மவுஸாலதானே?”

“வேற என்னத்தாலயாம்? காலாலயோ?”

“கோவிக்காதேங்கோ. சொன்னதை அப்பிடியே ஒரு தாளில எழுதிக் கையெழுத்து வைச்சுத் தாங்கோ. பொலிசுக்குப் போறதெண்டால் தேவைப்படும்தானே.”

இளையதம்பி மகிழ்ச்சியோடு எழுதினார். கையெழுத்து அழகாக இருந்தது. அதைப் பார்க்கப் பழனியாண்டிக்கு இன்னும் எரிந்தது.

வெளியே வந்ததும் அவன் பொரிந்தான். “என்னம்மா, அந்தாளுக்குப் பேனையும் குடுத்து, தாளும் குடுத்து, பிள்ளைக்கு எதிரா நீங்களே சாட்சி தயாரிக்கிறீங்கள். மிச்சத்துக்கு விலங்கையும் நானே வாங்கிக்கொண்டு வரட்டோ?”

“பழனி, உம்மட வாய்க்குக் கொஞ்சம் ஓய்வு குடும். இந்தக் கொம்பியூட்டரைப் பொருத்திப் பூட்டினது ஆர்?”

“கிருபன். பஸ் ஸ்ராண்டுக்குப் பின்னால வகுப்பு வைச்சிருக்கிற பொடியன்.”

“போய்க் கூட்டிக்கொண்டு வாரும்.”

கிருபன் வந்தான். மெலிந்த ஆள், முப்பதுக்குக் கிட்ட வயது, கண்ணாடியில் ஒரு பக்கக் கால் இல்லை, அதற்குப் பதில் நூல். முந்தி உள்ளே மல்லாவியில் இருந்தவன். கொம்பியூட்டர் அறை என்பது உண்மையில் ஒரு பழைய களஞ்சிய அறை. ஒரு மேசை, ஒரு கதிரை, சாம்பல் நிறத்தில் ஒரு பெட்டி, அதன் மேல் ஒரு திரை, முன்னால் ஒரு கீபோர்ட். மேசையில் வேறு எதுவும் இல்லை. நிரோஜா கதவோரம் வந்து நின்றாள்.

“இதை ஏன் இப்பிடிப் பொருத்தி வைச்சிருக்கிறீர்? முதலில இருந்து சொல்லும்,” என்றார் கமலாசனி.

அதைக் கேட்க ஒருவர் வந்துவிட்டாரே என்று கிருபனுக்கு முகம் மலர்ந்தது. “அன்ரி, இது வெளிநாட்டுக்காரர் தூக்கி எறிஞ்ச பெட்டி. மெமரி சரியான குறைவு.”

“எங்கட தலைவருக்கும் அப்பிடித்தான்,” என்றான் பழனியாண்டி.

“விண்டோஸ் போட்டால், காலமை தட்டினது மத்தியானம்தான் எழும்பும். அதால லினக்ஸ் போட்டனான். லினக்ஸில ஒரு வசதி. திரையில வாற ஜன்னல்களை எந்த ஒழுங்கில அடுக்குறதெண்டதுக்குத் தனிப் புரோகிராம் இருக்குது. விண்டோ மானேஜர் எண்டு சொல்லுறது. எது வேணுமெண்டு நாங்களே தெரிவு செய்யலாம். நான் மூண்டைப் போட்டுப் பாத்தனான். முதலாவது நல்ல வடிவு. ஆனா இருக்கிற மெமரி முழுக்க அதின்ர அலங்காரத்துக்கே போச்சு. ரெண்டாவது பாரமில்லை, ஆனா தொட்டதுக்கெல்லாம் மவுஸ் கேட்டுது.”

“கேட்டால் குடுக்கிறதுதானே?”

“மல்லாவியில பட்ட பாட்டை மறக்கேலுமே அண்ணை? செம்புழுதி உள்ள போனால் ஒரு கிழமையில மவுஸின்ர உருண்டை இறுகிப்போகும். புதுசு உள்ளுக்குக் கொண்டுவர ஆமிக்காரர் விடமாட்டாங்கள். இனிமேல் மவுஸை நம்பி ஒரு வேலையும் செய்யிறதில்லை எண்டு அங்கயே முடிவெடுத்தனான். அதால மவுஸே தேவைப்படாத ஒண்டைத் தேடினன். கொழும்பில படிக்கிற சிநேகிதன் பிளொப்பியில போட்டு அனுப்பினவன். அதின்ர பேரே எலிப்பாசாணம். மவுஸைக் கொல்லுறதுக்கெண்டே வெளிநாட்டில ஆரோ எழுதினது.”

“ஐயோ, மெதுவா,” என்றான் பழனியாண்டி. “பிள்ளை எலிப்பாசாணம் வைச்சிருந்தவா எண்டு இளையதம்பியர் இன்னொரு தாள் எழுதப்போறார்.”

கமலாசனி சிரிக்கவில்லை. “இதில ஒரு ஜன்னலை இழுக்கலாமோ?”

“ஏலாது அன்ரி. இழுக்கிறது, தள்ளுறது, மிதக்கவிடுறது ஒண்டும் இல்லை. வயலுக்கு வரம்பு கட்டினமாதிரி. திரையைப் பாதி பாதியாப் பிரிச்சால், அந்த அந்தப் பாதியை அது அது நிரப்பிக்கொண்டு நிக்கும்.” அவன் கீபோர்டில் தட்டினான். கறுப்புத் திரை நடுவில் பிரிந்து இரண்டானது. “பாருங்கோ. எந்தக் கீயை அமத்தினால் என்ன நடக்கவேணுமெண்டு ஒரு சின்னப் பைலில எழுதிவிட்டால் சரி. நிரோஜா ரைப்பிங் பழகின ஆள், விரல் எழுத்துக் கட்டையிலயே நிக்கும். அதுக்கேற்றமாதிரி எழுதிக் குடுத்தனான். மற்ற ஆக்கள் தட்டிக் குழப்பாமல், ஒண்டுக்குப் பின்னால ஒண்டை அனுப்புற கீகளை எல்லாம் அந்தப் பைலில அறுத்துவிட்டன். இடப்பக்கம் ஒண்டு, வலப்பக்கம் ஒண்டு. அவ்வளவுதான். மறைக்க இடமில்லை.”

“பிளொப்பி போட்டால்?”

“அதுக்கும் ஒரு கீ வைச்சிருக்கிறன்,” என்றான் கிருபன் பெருமையாக. “அதை அமத்தினால், பிளொப்பியில இருக்கிற முதல் ரெண்டு பைலும் பக்கத்தில பக்கத்தில தானாத் திறக்கும். ஆளுக்கு ஒரு வேலையும் இல்லை.”

கதவோரம் நின்ற நிரோஜா சட்டென்று வெளியே போனாள். பழனியாண்டி அதைப் பார்த்தான். பாவம், பயத்தில் தண்ணீர் குடிக்கப் போகிறாள் என்று நினைத்தான். அவனும் ஒரு துப்பறிகிறவரின் உதவியாளன்.

கமலாசனி சேலைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டு, பெட்டியின் பின்பக்கம் குனிந்தார். “மவுஸ் குத்துற ஓட்டை எது?”

கிருபன் விரலால் காட்டினான். கமலாசனி கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு நிமிர்ந்து, அன்றைக்கு முதல் தடவையாகச் சிரித்தார்.

“பழனி, தலைவரையும் இளையதம்பியரையும் வரச்சொல்லும்.”

மத்தியானம் ஒன்றரை மணிக்கு அந்தச் சின்ன அறைக்குள், திரும்பி வந்த நிரோஜாவோடு, ஆறு பேர் நெருக்கியடித்து நின்றார்கள். கமலாசனி கதிரையை இழுத்துவிட்டார்.

“இருங்கோ ஐயா. வெள்ளிக்கிழமை செய்ததைத் தலைவருக்கு ஒருக்காச் செய்து காட்டுங்கோ. கடிதத்தைத் தள்ளி, பட்டியலைக் கண்டனீங்கள்தானே? அதேமாதிரி.”

இளையதம்பி சட்டைக் கையை நேராக்கிக்கொண்டு இருந்தார். திரையைப் பார்த்தபடியே வலது கையை நீட்டினார். கை வெறும் மேசையில் விழுந்தது. கொஞ்சம் தள்ளித் தடவினார். ஒன்றும் இல்லை. இடப்பக்கம் பார்த்தார். குனிந்து மேசைக்குக் கீழேயும் பார்த்தார்.

“எலியைத் தேடுறீங்களோ ஐயா?” என்றான் பழனியாண்டி. “அதுக்கு முந்தியே பாசாணம் வைச்சாச்சு.”

இளையதம்பியின் காது சிவந்தது. “கழட்டிப்போட்டினம்! வெள்ளிக்கிழமை இருந்தது. என்னைப் பொய்யனாக்கிறதுக்குக் கழட்டி வைச்சிருக்கினம்!”

“தலைவர் ஐயா, இஞ்சால வந்து குனிஞ்சு பாருங்கோ,” என்றார் கமலாசனி.

சிற்றம்பலத்தார் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு குனிந்தார். மவுஸ் பூட்டுகிற துவாரத்தை அடைத்துக் குளவி ஒன்று மண்கூடு கட்டியிருந்தது. பழைய கூடு. மண் காய்ந்து வெடித்து, மேலே ஒட்டடையும் பிடித்திருந்தது.

“மூண்டு நாளில இந்தக் கூடு இப்பிடிக் காயாது. இந்தப் பெட்டியில மவுஸ் பூட்டிப் பல மாசமாச்சு. இளையதம்பியர் பாவிக்கிறது உங்கட அறையில இருக்கிற விண்டோஸ் கொம்பியூட்டர். அதில ஜன்னலை ஜன்னலுக்குப் பின்னால மறைக்கலாம், இழுக்கலாம், தள்ளலாம். உலகத்தில எல்லாக் கொம்பியூட்டரும் அப்பிடித்தான் எண்டு நினைச்சு அவர் இந்தக் கதையைக் கட்டியிருக்கிறார். இந்தத் திரையில அவர் சொன்ன ஒண்டும் நடக்கேலாது. கையெழுத்து வைச்ச தாள் என்னட்டை இருக்குது.”

“இனிக் குளவியையும் உள்ளுக்கையிருந்து அனுப்பினது எண்டு சொல்லுவார்,” என்றான் பழனியாண்டி.

இளையதம்பி கதிரையில் இருந்து எழும்பவில்லை. “நான் பாக்கேல்லைத்தான்,” என்றார் மெல்ல. “ஆனா இவாவைத் தவிர இதில ஆர் கை வைக்கிறது? பட்டியல் இண்டைக்குப் போகவேணும். ஆரையாவது சொல்லத்தானே வேணும்.”

ஆரையாவது. அந்தச் சொல்லைக் கேட்டதும் பழனியாண்டிக்குத் தலை கொதித்தது. ஒரு பிள்ளையின் உயிரை இவ்வளவு சுளுவாக ஒரு மனிதன் கையில் எடுத்துக் கீழே போடுவானா? அதுவும் மூன்று மணி வாகனத்துக்கு நேரமாகிவிட்டது என்பதற்காக!

சிற்றம்பலத்தார் நல்லவர்தான். நேரமில்லாத நல்லவர். “இளையதம்பி, உம்மைப் பிறகு கவனிக்கிறன்,” என்றார். “பிள்ளை, நீர் ஒண்டும் யோசியாதையும். மெஷினில ஏதோ பிழை எண்டு எழுதிவிடுவம்.”

“மெஷின் பத்தொன்பது பேரைத் தெரிஞ்செடுத்து அழிக்காது ஐயா,” என்றார் கமலாசனி. “அவர் பாக்கேல்லை எண்டதுதான் இப்ப தெரிஞ்சது. அழிச்சது ஆர் எண்ட கேள்வி அப்பிடியே கிடக்குது.”

“அதை விடுங்கோ அம்மா!” பழனியாண்டி குறுக்கே பாய்ந்தான். “கேள்வி கேள்வி எண்டு எங்கட சனத்துக்கு வாற காணியையும் விடுறதோ? பேருகளைத் திருப்பிப் போடச் சொல்லுங்கோ. இண்டைக்கே. இப்பவே. அந்தப் பத்தொன்பது பேரும் ஏறாமல் நான் இந்த இடத்தைவிட்டு அசையமாட்டன்.”

“மாமா,” என்றாள் நிரோஜா. அன்றைக்கு அவள் பேசிய முதல் சொல் அதுதான். “இண்டைக்கு வேண்டாம் மாமா. வீட்டை போவம்.”

“நீ சும்மா இரு பிள்ளை. மூண்டு நாளா உன்னை இவங்கள் படுத்தின பாட்டுக்கு இதையாவது செய்யட்டும்.”

சிற்றம்பலத்தார் தலையாட்டினார். இளையதம்பி மேல்பையிலிருந்து ஒரு பிளொப்பியை எடுத்து நீட்டினார். பழைய பட்டியல் அதில் முழுதாக இருந்தது. கிருபன் அதைப் போட்டுக் கீயை அமத்தினான். இடப்பக்கம் நாற்பத்தாறு பெயரும் வரிசையாக வந்து நின்றன. வலப்பக்கம் வெறும் கறுப்பு.

“அந்தப் பக்கம் ஏன் வெறுமையாக் கிடக்குது?” என்று கமலாசனி கேட்டார்.

“பிளொப்பியில ரெண்டாவது பைல் இல்லை அன்ரி.”

கமலாசனி திரையைப் பார்த்தார். பிறகு இளையதம்பியைப் பார்த்தார். அதற்குள் பழனியாண்டி பிரிண்டர் பொத்தானுக்குக் கையை நீட்டிவிட்டான். பிரிண்டர் கீச்சிட்டு முப்பத்தோராவது வரியில் அவன் தாயின் பெயரை அடித்தபோது, அவனுக்குக் கண் கலங்கியது. சிற்றம்பலத்தார் கையெழுத்து வைத்தார். இரண்டே முக்காலுக்குச் சங்கத்து ஜீப் பட்டியலோடு வெளியே போனது.

முகாம் வாசலில் ஓட்டோவை நிறுத்தி, பழனியாண்டி உள்ளே ஓடினான். ராக்காயி கம்பி வேலிக்குக் கிட்டவே நின்றுகொண்டிருந்தாள்.

“ஆத்தா, பேரு வந்திருச்சு! பத்தொம்பது பேருக்கும் வந்திருச்சு!” தாயோடு பேசும்போது மட்டும் அவனுக்குத் தோட்டத்துப் பேச்சு வந்துவிடும்.

“நெசமாவாடா? எம் பேத்திய விட்டுட்டாங்களா?”

“விட்டுட்டாங்க. புதங்கிழமை விடிய காணிக்கு ஏத்திட்டுப் போக லொறி வருது.”

ராக்காயி வேலிக்குள்ளிருந்தே கையெடுத்துக் கும்பிட்டாள். அவளுக்குப் பின்னால் யாரோ சீழ்க்கை அடித்தார்கள். பெண்கள் சட்டி பானையை இப்போதே சாக்கில் போடவேண்டும் என்று கதைக்கத் தொடங்கினார்கள். பழனியாண்டி திரும்பி வந்தபோது ஓட்டோவுக்குள் நிரோஜா முகத்தை மூடிக்கொண்டு அழுதுகொண்டிருந்தாள். இது ஆறுதல் அழுகை இல்லை என்று அவனுக்கே தெரிந்தது.

கமலாசனி அவள் முதுகில் கை வைத்திருந்தார். “வெள்ளிக்கிழமை அந்தப் பிளொப்பியில ரெண்டு பைல் இருந்தது. என்ன பிள்ளை?”

நிரோஜா தலையாட்டினாள்.

“அழிச்சது நீர்தான்.”

“ஓம் அன்ரி.”

பழனியாண்டி ஓட்டோவின் கம்பியைப் பிடித்துக்கொண்டான்.  

“இளையதம்பி சேர் பட்டியலைப் பிரிண்ட் எடுத்துத் தரச்சொல்லிப் பிளொப்பியைத் தந்தவர்,” என்றாள் அவள், அழுகைக்கிடையே. “நான் கீயை அமத்தினன். இடப்பக்கம் பட்டியல் வந்தது. வலப்பக்கம் வேற ஒரு கடிதம். நான் தேடித் திறக்கேல்லை, தானா வந்தது. காணித்துண்டு காணித்துண்டா நம்பர் போட்டிருந்தது. ஒண்டிலயிருந்து இருபத்தேழு வரைக்கும் மிதிவெடி எடுத்தாச்சு. இருபத்தெட்டிலயிருந்து நாப்பத்தாறு வரைக்கும் இன்னும் எடுக்கேல்லை எண்டு. பக்கத்தில பக்கத்தில, வரிக்கு நேரா வரி. முப்பத்தொண்டுக்கு நேரா அம்மம்மாவின்ர பேர் கிடக்குது.”

தெருவில் ஒரு இராணுவ ட்ரக் போனது. அது கடக்கும்வரை கமலாசனி பைக்குள் எதையோ தேடுவதுபோலக் குனிந்திருந்தார்.

“காணியை ஆரார் எங்க எண்டு பிரிச்சது இளையதம்பி,” என்றார் கமலாசனி. “தெரிஞ்சுதான் பிரிச்சிருக்கிறார். தன்ர ஆக்களுக்கு நல்ல துண்டு.” தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார். “என்ர ஆக்களுக்கும்தான்.”

“என்னட்டைச் சொல்லியிருக்கலாமே பிள்ளை!” என்றான் பழனியாண்டி.

“சொன்னால் என்ன செய்திருப்பீங்கள் மாமா? நேர போய்ச் சண்டை பிடிச்சிருப்பீங்கள். மிதிவெடி எங்க இருக்குதெண்டு உனக்கு எப்பிடித் தெரியும் எண்டு கேட்டால் நான் என்ன சொல்லுறது? உள்ளுக்கையிருந்து வந்தவள், மிதிவெடிக் கடிதம் வாசிச்சவள் எண்டால் என்னைப் பிறகு வெளியில விடுவாங்களோ? பேரை அழிச்சால் ஆக்கள் ஏசுவினம், முகாமிலயே கிடப்பினம். காலோட கிடப்பினம். அதுபோதும் எண்டு நினைச்சன்.”

அதைத்தான் அவன் தன் வாயால் கெடுத்திருந்தான். கமலாசனி கேள்வி கேட்கப்போன நேரத்தில் அவரைத் தடுத்தவன் அவன். பிரிண்டர் பொத்தானை அமத்தியவனும் அவன். பொய்யனைப் பிடித்த வெற்றியில், அந்தப் பொய்யனுக்கு வேண்டியதையே செய்து, தாயையும் இன்னும் பதினெட்டுக் குடும்பங்களையும் வெடிக்காட்டுக்கு அனுப்பக் கையெழுத்து வாங்கிக் கொடுத்திருக்கிறான். வாய், வாய் என்று கமலாசனி ஏசினதெல்லாம் போதாது என்று இப்போது பட்டது.

“திரும்பிப் போவம். தலைவரிட்டைச் சொல்லுவம்,” என்றான்.

“வாயால சொன்னால் நம்பமாட்டார். அந்தப் பைலை இளையதம்பி முன்னமே அழிச்சுப்போட்டார், வலப்பக்கம் வெறுமையாக் கிடந்ததை நாங்கள் எல்லாரும் பாத்தனாங்கள்தானே. அவர் இல்லையெண்டுவார். ஜீப்பும் போட்டுது. போன பட்டியலை மறிக்கவேணுமெண்டால் எழுத்தில, பேரோட, கையெழுத்தோட ஒரு சாட்சி வேணும்.” கமலாசனி நிரோஜாவின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினார். “கடிதத்தைக் கண்ட ஆள் நீர் ஒராள்தான் பிள்ளை. கண்டதை எழுதினால், பேருகளை அழிச்சதும் நீர்தான் எண்டு எழுதவேணும். காலமை உமக்காக நான் செய்ததெல்லாத்தையும் என்ர கையாலயே அழிக்கவேணும். பிறகு மூண்டு மணி எண்டு தவணை ஒருத்தரும் தரமாட்டினம்.”

“லொறி புதன்கிழமை விடியத்தானே அன்ரி?”

“ஓம்.”

வேலிக்கு உள்ளே ராக்காயியின் குரல் கேட்டது. மண்வெட்டி யாரிடம் இருக்கிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள். நிரோஜா அந்தப் பக்கம் பார்க்கவில்லை. முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைத்துவிட்டு நேராக இருந்தாள்.

“அப்ப எழுதுங்கோ. நான்தான் அழிச்சனான் எண்டு துவங்குங்கோ.”

கமலாசனி பையைத் திறந்து தாளும் பேனையும் எடுத்து, பையையே மடியில் மேசையாக வைத்துக்கொண்டார். பழனியாண்டி ஓட்டோவை உதைத்து, சங்கம் இருக்கும் தெருப்பக்கம் திருப்பினான்.

“மெதுவா ஓட்டும் பழனி. எழுத்துக் கோணுது,” என்றார் கமலாசனி.

அவன் மெதுவாகத்தான் ஓட்டிக்கொண்டிருந்தான். பிள்ளையைக் கொண்டுபோய்க் கொடுப்பதற்கு அதைவிட வேகமாக ஓட்ட அவனுக்குக் கை வரவில்லை.